எக்ஸ் கதிரின் முன்னே ஹாம் வானொலி



2004-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத் தொடக்கம். ஐதராபாத்திலுள்ள தேசிய அமெச்சூர் வானொலி நிறுவனத்தின் குழுவினர், பாரதி பிரசாத் என்ற பெண்மணியின் தலைமையில், அந்தமானின் தலைநகரான போர்ட் பிளேரில் ஒரு வானொலி நிலையத்தை அமைத்தனர். (2024-இல் அந்நகருக்கு ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றப்பட்டது.) அத்தீவுகளிலிருந்து பல ஆண்டுகளாக அமெச்சூர் வானொலியின் குரல் எழவில்லை. ஆகவே, உலகெங்குமுள்ள ஆர்வலர்கள் 'வி.யு.4.ஆர்.பி.ஐ.' என்ற அழைப்புக்குறியைத் தேடிப் பிடித்துப் பேசி மகிழ்ந்தனர்.

டிசம்பர் 26 காலையில் நிலம் நடுங்கிற்று, ஆழிப்பேரலை எழுந்தது, தொலைபேசித் தொடர்புகள் அறுந்தன. அப்போது, பொழுதுபோக்குக்காகக் கொண்டுசென்ற அதே கருவிகளே தீவு மக்களின் நலச் செய்தியைத் தாய்நாட்டுக்கு எடுத்துச் சொல்லின.

யாரோ ஒருவர் அக்கருவிகளைப் பெட்டியில் அடுக்கித் தீவுக்கு எடுத்துச் சென்றதால்தானே இது முடிந்தது! நாளை நீங்களும் தேர்வெழுதி, அரசின் உரிமம் பெற்று, ஒரு வானொலிக் கருவியுடன் விமானம் ஏறக்கூடும். நிலையத்தின் சோதனை வாயிலில் உங்கள் பையைத் தனியே எடுத்து வைத்து, "இது என்ன?" என்று காவலர் கேட்பார். அவர் ஏன் கேட்கிறார், அவருடைய திரையில் என்ன தெரிந்தது, எதைக் கண்டு அவர் அஞ்சவேண்டும், எதைக் கண்டு அஞ்சவேண்டியதில்லை என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

சந்தேகம் ஏன்?

சிலருக்குக் காவலர் மீது கோபம் வருவதுண்டு. 'வானொலியைக்கூடத் தெரியாதா?' என்று முணுமுணுப்பார்கள். ஆனால், வரலாறு காவலரின் பக்கம் நிற்கிறது.

1985 ஜூன் 23 அன்று ஏர் இந்தியாவின் 'கனிஷ்கா' விமானம் அயர்லாந்துக்கு அருகே, அட்லாண்டிக் கடலுக்கு மேலே வெடித்துச் சிதறியது. அதிலிருந்த 329 பேரும் மாண்டனர். பயணி ஏறாமல் பெட்டி மட்டும் ஏறியிருந்தது. குண்டு அதற்குள் இருந்தது. அதே நாளில் ஜப்பானின் நரிட்டா விமான நிலையத்தில் மற்றொரு பெட்டி வெடித்து, சுமை தூக்கும் பணியாளர் இருவர் இறந்தனர். அக்குண்டு ஒரு வானொலி டியூனருக்குள் மறைத்து வைக்கப்பட்டிருந்ததைப் புலனாய்வு காட்டியது. 1988 டிசம்பர் 21 அன்று ஸ்காட்லாந்தின் லாக்கர்பி ஊருக்கு மேலே 'பான் ஆம்' விமானம் வெடித்து, 270 உயிர்கள் போயின. அங்கும் குண்டு இருந்த இடம் ஒரு வானொலி-கேசட் பெட்டியே.

மின்கலம், கம்பிகள், சுற்றுப் பலகை, அவற்றை மூடிய ஒரு கூடு என்பன வானொலிக்கும் உண்டு. அக்கொடிய பொருளுக்கும் உண்டு. இரண்டையும் பிரித்தறிவதே காவலரின் தொழில். அவருக்கு அதில் துணை நிற்பது எக்ஸ் கதிர்.

திரையில் தெரிவது என்ன?

1895-இல் ஜெர்மானிய அறிஞர் ராண்ட்ஜன் எக்ஸ் கதிரைக் கண்டுபிடித்தார். தம் மனைவியின் கையைப் படம் எடுத்தபோது, எலும்பும் மோதிரமும் கருநிழலாகத் தெரிந்தன. தசை மங்கலாகத் தெரிந்தது. அதே தத்துவந்தான் விமான நிலையத்திலும் பயன்படுகிறது.

பை, நகரும் பட்டையின்மீது ஓர் இருட்டுக் குகைக்குள் நுழைகிறது. அங்கே ஒரு குழாயில், ஒன்றரை இலட்சம் வோல்ட் அளவிலான மின்னழுத்தத்தால் விரைவூட்டப்பட்ட எலக்ட்ரான்கள் டங்ஸ்டன் இலக்கின்மீது மோதுகின்றன. அப்போது எழும் எக்ஸ் கதிர்களை ஒரு குறுகிய பிளவு, விசிறிபோல் மெல்லிய தகடாக வடிகட்டி அனுப்புகிறது. பையைக் கடந்து வரும் கதிர்களை மறுபுறத்தில் வரிசையாக உள்ள உணர்கருவிகள் அளக்கின்றன. பை நகர நகர, வரி வரியாகப் படம் உருவாகிறது.

வெறும் நிழற்படம் மட்டும் போதாது. தடித்த பிளாஸ்டிக்கும் மெல்லிய இரும்புத் தகடும் ஒரே அளவு கருமையைத் தரக்கூடும். இந்தச் சிக்கலைத் தீர்க்க ஓர் அழகான உபாயம் உண்டு. எக்ஸ் கதிர்களில் ஆற்றல் குறைந்தவையும் மிகுந்தவையும் கலந்திருக்கின்றன. ஆற்றல் குறைந்த கதிர்களை ஒரு பொருள் உறிஞ்சுவது, பெரும்பாலும் அதன் அணு எண்ணின் மும்மடிக்கு ஏற்ப அமைகிறது. அலுமினியத்தின் அணு எண் 13. இரும்பின் அணு எண் 26. ஒன்று மற்றொன்றின் இருமடங்கு. ஆகவே, எடைக்கு எடை ஒப்பிட்டால், இத்தகைய உறிஞ்சலில் இரும்பு 2 × 2 × 2 = 8 மடங்கு வலிமை உடையது. ஆற்றல் மிகுந்த கதிர்களோ அணு எண்ணை அவ்வளவாகப் பொருட்படுத்துவதில்லை. வழியில் எவ்வளவு பொருள் திரண்டிருக்கிறது என்பதையே காட்டுகின்றன.

எனவே உணர்கருவிகளை இரண்டு அடுக்காக வைக்கிறார்கள். முன் அடுக்கு ஆற்றல் குறைந்த கதிர்களை அளக்கிறது. இடையே ஒரு செப்புத் தகடு எஞ்சிய மெல்லிய கதிர்களை வடிகட்டுகிறது. பின் அடுக்கு வலிய கதிர்களை அளக்கிறது. இரண்டு அளவுகளையும் கணிப்பொறி ஒப்பிட்டு, பொருள் எவ்வகையைச் சேர்ந்தது என்று கணித்து வண்ணம் தீட்டுகிறது.

அணு எண் குறைந்த கார்பன், ஹைட்ரஜன், நைட்ரஜன், ஆக்ஸிஜன் ஆகியவற்றால் ஆனவை ஆரஞ்சு நிறம். உணவு, துணி, புத்தகம், பிளாஸ்டிக் ஆகியன இதில் அடங்கும். அலுமினியம் போன்ற இடைப்பட்டவை பச்சை. இரும்பு, செம்பு போன்ற உலோகங்கள் நீலம். கதிர் ஊடுருவவே முடியாத அளவு கனத்த பகுதி கருமை.

இந்த வண்ணங்கள் பொருளின் பெயரைச் சொல்வதில்லை. அது எவ்வகை என்பதை மட்டுமே சொல்கின்றன. பெரும்பாலான வெடிமருந்துகளும் கார்பன், நைட்ரஜன் சேர்மங்களே. ஆதலால் அவையும் ஆரஞ்சு. சோப்புக் கட்டியும் ஆரஞ்சு. பாட்டி கட்டிக்கொடுத்த அல்வாவும் ஆரஞ்சு!

உங்கள் பையின் படம்

இப்போது உங்கள் பையைக் காவலரின் கண்ணால் பாருங்கள். டிரான்சீவர், அதாவது செய்தியை அனுப்பவும் ஏற்கவும் வல்ல வானொலிக் கருவி, ஒரு நீலப் பச்சைச் செவ்வகமாகத் தெரியும். உள்ளே சுற்றுப் பலகைகளின் நுண்கோடுகள் தெரியும். அதன் வெப்பத்தை வெளியேற்றும் அலுமினியத் தகடுகள் பச்சைச் சீப்பின் பற்களைப்போல் தோன்றும். இரும்பு உள்ளகம் கொண்ட மின்மாற்றி கரிய கட்டியாகத் தெரியும். சுருட்டி வைத்த செப்புக் கம்பி நீல வளையமாகவும், பாட்டரி கனத்த செங்கல்போலவும் தெரியும்.

இவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, நடுவே கம்பிகளைத் திணித்து, மேலே அல்வாப் பொட்டலத்தையும் வைத்தால் என்ன ஆகும்? நிழல்கள் ஒன்றோடொன்று கலந்துவிடும். ஆரஞ்சுக் கட்டி, கம்பிகள், மின்கலம் ஆகிய மூன்றும் ஒரே இடத்தில் தெரியும். கரிய கட்டியின் பின்னால் என்ன இருக்கிறது என்பதும் புலப்படாது. காவலர் பையைத் திறந்து பார்க்காமல் விட்டால்தான் தவறு!

ஆகவே கீழ்க்காணும் முறையைக் கைக்கொள்ளுங்கள்:

1. வானொலிக் கருவிகளை ஒரே அடுக்காக, ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக வையுங்கள்.

2. உணவு, சோப்பு, புத்தகம் ஆகியவற்றை வேறு பக்கத்தில் வையுங்கள்.

3. கம்பிகளைச் சுருட்டிக் கட்டி, தெளிவாகத் தெரியும் பையில் இடுங்கள்.

4. கருவியை எளிதில் வெளியே எடுக்கும்படி மேலாக வைத்து, மடிக்கணினியைப் போலவே தனித் தட்டில் வைக்கட்டுமா என்று நீங்களே முன்வந்து கேளுங்கள்.

5. திருப்புளி, குறடு, பற்றவைக்கும் கோல், ஆன்டெனாக் கம்பம் ஆகியவற்றைக் கைப்பையில் வைக்காதீர்கள். அவை சரக்கறைக்குச் செல்லும் பெட்டியில் போகட்டும்.

எக்ஸ் கதிர் பட்டால் வானொலி கெட்டுவிடுமோ என்று சிலர் அஞ்சுகின்றனர். அச்சம் வேண்டியதில்லை. சோதனைக் கதிரின் அளவு மிகக் குறைவு. அது ஒளிப்படச் சுருளைப் பாதிக்கலாம்; டிரான்சிஸ்டர்களையோ, கருவியின் நினைவகத்தில் சேமித்த அதிர்வெண்களையோ பாதிப்பதில்லை.

சில வேளைகளில் காவலர் ஒரு சிறு துணித் துண்டால் உங்கள் கருவியைத் துடைத்து, அதை ஒரு பொறியில் செருகுவார். துணியில் ஒட்டிய துகள்கள் சூடேறி ஆவியாகி, மின்னேற்றம் பெற்ற அயனிகளாகின்றன. ஒரு மின்புலம் அவற்றைக் காற்று நிறைந்த குழாயில் இழுத்துச் செல்கிறது. சிறிய அயனிகள் முன்னே ஓடுகின்றன. பெரியவை காற்று மூலக்கூறுகளில் மோதி மோதிப் பின்தங்குகின்றன. ஓடி முடிக்க எடுத்த நேரத்தைக் கொண்டே பொறி பொருளை இனங்காணும். உரமூட்டையைத் தொட்ட கையால் கருவியைத் தொட்டிருந்தால் இப்பொறி அலறக்கூடும். ஏனெனில் அம்மோனியம் நைட்ரேட் உரமும் ஆகும், வெடிமருந்தின் பகுதியும் ஆகும். பையைக் கட்டுமுன் கையைக் கழுவிக்கொள்வது நல்லது.

தாமே செய்த கருவி

உங்களில் பலர் தாமே வானொலி செய்ய விரும்புவீர்கள். திறந்த பலகையில் கம்பிகள் தொங்கும் கருவியை அப்படியே எடுத்துச் செல்லாதீர்கள். 2007 செப்டம்பரில் அமெரிக்காவின் பாஸ்டன் விமான நிலையத்துக்கு ஒரு கல்லூரி மாணவி, நண்பரை வரவேற்க வந்தார். அவருடைய சட்டையில் ஒரு சுற்றுப் பலகையும், ஒளிவிடும் டயோடுகளும், 9 வோல்ட் பாட்டரியும் இருந்தன. அவர் அதைக் கலைப்பொருளாக அணிந்திருந்தார். கண்டவர் அஞ்சினர், துப்பாக்கி ஏந்திய காவலர் அவரைச் சூழ்ந்து கைது செய்தனர். ஒளிவிடும் டயோடு எவருக்கும் தீங்கு செய்வதன்று. ஆனால், பார்ப்பவர் சில நொடிகளில் முடிவெடுக்க வேண்டியவர் என்பதை நாம் மறக்கலாகாது.

செய்த கருவியை மூடிய பெட்டியில் பொருத்துங்கள். வெளியே 'அமெச்சூர் வானொலி' என்றும், உங்கள் அழைப்புக்குறியையும் எழுதுங்கள். சுற்றுப் படத்தை மூடியின் உட்புறம் ஒட்டி வையுங்கள். விளையாட்டுக்கும் 'குண்டு' என்ற சொல்லை வாயில் எடுக்காதீர்கள்.

மெய்யான ஆபத்து எது?

காவலர் வானொலியைக் கண்டு ஐயுறுகிறார்; அது தீங்கற்றது என்பது உங்களுக்குத் தெரியும். ஆனால் உங்கள் பையில் ஒரு பொருள் மெய்யாகவே விமானத்தை வீழ்த்தக்கூடியது. அதுதான் லித்தியம் பாட்டரி.

ஒரு பாட்டரியில் சேமித்துள்ள ஆற்றலை வாட்-மணி என்ற அலகால் அளக்கிறோம். கணக்கு எளிது. வோல்ட்டை ஆம்பியர்-மணியால் பெருக்குங்கள். பாட்டரியில் மில்லி ஆம்பியர்-மணி என்று குறித்திருந்தால் முதலில் 1000-ஆல் வகுத்துக்கொள்ளுங்கள்.

கையடக்க வானொலியின் பாட்டரி 7.4 வோல்ட், 1800 மில்லி ஆம்பியர்-மணி எனக் கொள்வோம். 7.4 × 1.8 = 13.3 வாட்-மணி. பெரிய டிரான்சீவருக்கு 12.8 வோல்ட் லித்தியம் இரும்பு பாஸ்பேட் பாட்டரியைப் பயன்படுத்துவோர் உண்டு. அது 6 ஆம்பியர்-மணியானால் 76.8 வாட்-மணி, 12 ஆம்பியர்-மணியானால் 153.6 வாட்-மணி, 20 ஆம்பியர்-மணியானால் 256 வாட்-மணி.

பன்னாட்டு விமான விதிகளின் எல்லைகள் இவை: 100 வாட்-மணி வரை கைப்பையில் கொண்டுசெல்லலாம். 100-க்கு மேல் 160 வரை எனில் விமான நிறுவனத்தின் இசைவை முன்னதாகப் பெறவேண்டும். உதிரியாக இரண்டுக்கு மேல் கூடாது. 160-ஐத் தாண்டினால் பயணியின் எந்தப் பெட்டியிலும் இடமில்லை. நாம் மேலே கணக்கிட்டவற்றில் முதல் இரண்டும் தடையின்றிச் செல்லும். மூன்றாவது இசைவு கேட்கும். நான்காவது வீட்டிலேயே தங்கும்.

100 வாட்-மணி என்றால் எவ்வளவு? ஒரு வாட்-மணி 3600 ஜூல். ஆக 3,60,000 ஜூல். 30 டிகிரி செல்சியஸ் வெப்பமுள்ள நீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர, ஒரு கிராமுக்கு 4.2 × 70 = 294 ஜூல் வேண்டும். எனவே இவ்வாற்றலால் சுமார் 1.2 லிட்டர் நீரைக் கொதிக்க வைக்கலாம். அத்தனை வெப்பமும் உள்ளங்கை அளவுள்ள பொருளிலிருந்து சில நிமிடங்களில் வெளிப்பட்டால் என்னாகும் என்று எண்ணிப் பாருங்கள்.

பாட்டரியின் இரு முனைகளையும் ஒரு சாவிக்கொத்து இணைத்துவிட்டால் பெரும் மின்னோட்டம் பாய்ந்து மின்கலம் சூடேறும். ஓர் அளவைத் தாண்டினால் உள்ளிருக்கும் வேதிப்பொருள்கள் தாமே வினைபுரிந்து மேலும் வெப்பத்தைத் தரும். அவ்வெப்பம் வினையை இன்னும் விரைவுபடுத்தும். ஒரு மின்கலத்தின் சூடு அடுத்ததைப் பற்றும். எரியக்கூடிய ஆவியும் வெளிவரும். இதைக் கட்டுமீறிய வெப்பப் பெருக்கம் என்று சொல்லலாம்.

2010 செப்டம்பர் 3 அன்று துபாயிலிருந்து புறப்பட்ட யு.பி.எஸ். சரக்கு விமானம் ஒன்றில் தீப்பிடித்தது. அதன் சரக்கில் ஏராளமான லித்தியம் பாட்டரிகள் இருந்தன. விமானி அறை முழுவதும் புகை சூழ்ந்தது. விமானம் தரையில் மோதி, அதிலிருந்த விமானிகள் இருவரும் உயிர்நீத்தனர். இத்தகைய நிகழ்ச்சிகளின் பாடமாக, 2016 ஏப்ரல் 1 முதல் பயணிகள் விமானத்தில் லித்தியம் அயனி பாட்டரிகளைத் தனிச் சரக்காக ஏற்றுவது தடைசெய்யப்பட்டது.

உதிரி பாட்டரியைச் சரக்கறைப் பெட்டியில் வைக்காமல் நம் அருகே வைக்கச் சொல்வது விந்தையாகத் தோன்றலாம். காரணம் இதுதான். பயணிகள் அறையில் புகை எழுந்தால் உடனே கண்ணில் படும்; பணியாளர்கள் நீரூற்றிக் குளிர்விப்பார்கள். சரக்கறையில் தீயணைக்க ஹாலான் என்ற வாயு உண்டு. அது சுவாலையை அடக்கும். ஆனால் மின்கலத்துக்குள் தானே பெருகும் வெப்பத்தை அதனால் நிறுத்த முடியாது. அங்கே ஓடிச் சென்று பார்க்கவும் ஆள் இல்லை.

ஆகவே, உதிரி பாட்டரியின் முனைகளைக் காப்பு நாடாவால் மூடி, ஒவ்வொன்றையும் தனிப் பையில் இட்டு, கைப்பையில் வையுங்கள். உப்பிய, அடிபட்ட பாட்டரியை எடுத்துச் செல்லவே கூடாது. வாட்-மணி அச்சிடப்படாத பாட்டரிக்கு நீங்களே கணக்கிட்டுக் குறிப்பெழுதி ஒட்டுங்கள். எண்ணிக்கையிலும் பயன்பாட்டிலும் சில நிறுவனங்கள் மேலும் கட்டுப்பாடு வைப்பதால், பயணச்சீட்டு எடுக்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். பெரிய டிரான்சீவருக்கு இன்னொரு வழியும் உண்டு: கருவியை மட்டும் கொண்டுசென்று, போன ஊரில் ஒரு 12 வோல்ட் கார் பாட்டரியைக் கேட்டு வாங்கிக்கொள்ளலாமே!

வானில் மௌனம்

விமானத்துக்குள் வானொலியை இயக்கலாகாது. விமானிகள் 118 முதல் 137 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள அலைகளில் தரையோடு பேசுகின்றனர். கையடக்க ஹாம் வானொலி 144 முதல் 146 வரை பேசுகிறது. இரண்டும் அண்டை வீடுகள்.

'நான் அனுப்பமாட்டேன், கேட்க மட்டுந்தான் போகிறேன்' என்பீர்களா? கேட்கும் வானொலியும் சற்றே அலை பரப்புகிறது! சூப்பர்ஹெட்டரோடைன் ஏற்பியில் ஓர் உள் அலையியற்றி உண்டு. எஃப்.எம். வானொலியில் அது பெரும்பாலும், கேட்கும் நிலையத்தின் அதிர்வெண்ணைவிட 10.7 மெகாஹெர்ட்ஸ் கூடுதலாக அதிரும். சென்னையின் 101.4 மெகாஹெர்ட்ஸ் நிலையத்தைக் கேட்டால் அலையியற்றி 101.4 + 10.7 = 112.1 மெகாஹெர்ட்ஸில் அதிர்கிறது. 108 முதல் 118 வரையுள்ள அலைகளோ விமானத்துக்கு வழிகாட்டும் தரை நிலையங்களுக்கு உரியவை. கசியும் அலை சிறிதாயினும், கருவியும் விமானத்தின் ஆன்டெனாவும் சில மீட்டர் தொலைவிலேயே இருக்கின்றன அல்லவா?

பைக்குள் விசை தானே அமுங்கிவிடாதிருக்கப் பாட்டரியைக் கழற்றி வைப்பதே சிறந்தது. கழற்றியபின் அது உதிரி பாட்டரியாகிவிடும். முனைகளை மூட மறவாதீர்கள்.

காகிதமும் கனிந்த சொல்லும்

உங்கள் உரிமத்தின் மூலத்தையோ படியையோ கருவியோடு வையுங்கள். இந்திய அரசின் தொலைத்தொடர்புத் துறை இதற்குத் தேர்வு நடத்துகிறது. உரிமத்தில் நிலையத்தின் முகவரி இருக்கும். வேறிடத்தில் இயக்குவதற்கான விதிகளை முன்பே அறிந்துகொள்ளுங்கள். ஒரு நாட்டின் உரிமம் மற்றொரு நாட்டில் தானாகச் செல்லுபடியாகாது. வெளிநாடு செல்வோர் அந்நாட்டின் இசைவை முதலில் பெறவேண்டும். கருவி இங்கிருந்து சென்றதே என்பதற்குப் புறப்படும்போதே சுங்கத்துறையிடம் சான்று பெற்றால், திரும்பும்போது தீர்வைத் தொல்லை இராது.

"இது என்ன?" என்று காவலர் கேட்டால், "ஐயா, இது அமெச்சூர் வானொலி. இதோ என் உரிமம். பாட்டரி தனியே இருக்கிறது, 13 வாட்-மணி" என்று அமைதியாகச் சொல்லுங்கள். அவர் திறந்து பார்க்க விரும்பினால் காத்திருங்கள். இதற்காகவே ஒரு மணி நேரம் முன்னதாக வந்துவிடுங்கள். அவர் உங்களைத் தடுப்பதும், நீங்கள் பாட்டரியின் முனைக்கு நாடா ஒட்டுவதும் அதே விமானத்தில் ஏறப்போகும் மக்களின் உயிரைக் காக்கத்தான்.

நீங்களே விடை காணுங்கள்

1. 14.4 வோல்ட், 10 ஆம்பியர்-மணி லித்தியம் பாட்டரியைக் கொண்டுசெல்ல இசைவு வேண்டுமா?

2. எஃப்.எம். வானொலியில் 97.9 மெகாஹெர்ட்ஸைக் கேட்டால் உள் அலையியற்றி எதில் அதிரும்?

3. லித்தியத்தின் அணு எண் 3 மட்டுமே. ஆயினும் லித்தியம் பாட்டரி எக்ஸ் கதிர்ப் படத்தில் கனத்துத் தெரிவது ஏன்?

விடைகள்: (1) 144 வாட்-மணி, இசைவு வேண்டும். (2) 108.6 மெகாஹெர்ட்ஸ். (3) பாட்டரியில் லித்தியம் மிகச் சிறு பகுதியே. செம்புத் தகடு, அலுமினியத் தகடு, இரும்பு அல்லது நிக்கல், கோபால்ட் சேர்மங்கள் ஆகியவற்றின் நிழலையே நாம் காண்கிறோம்.